பட்சி சொன்னதும் பத்துக் கிலோ ஏலக்காயும்

போன கார்த்திகைக்கு முந்தின கார்த்திகையில் எங்கள் கடையில் பத்துக் கிலோ ஏலக்காய் குறைந்தது. ஒரு சின்ன மூட்டை, எட்டு எம்எம் பருமனுள்ள காய், தனியாகக் கட்டி வைத்திருந்தது. இருப்புப் பார்க்கும்போது நோட்டில் இருக்கிறது, தரையில் இல்லை. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வாசல் பக்கம் பார்த்தேன். வாசலில் எங்கள் கடையில் வேலை பார்த்த அந்தத் தம்பி ஜீப்பில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அடிவயிற்றில் ஏதோ இறுகியது, காது மடல் சூடானது, அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகப்பட்டேன் என்று இப்போது மாற்றி எழுத மாட்டேன். கொட்டகுடிப் பக்கம் மலை கறுத்தால் மழை வரும் என்று எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது.

அவன் எடுக்கவில்லை. அது எனக்கு விளங்க இருபத்திரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் அவனை அனுப்பிவிட்டிருந்தேன். திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, போலீசுக்குப் போகவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "தம்பி, கணக்கை முடிச்சுக்கலாம், இனி ஆள் தேவைப்படலை" என்று மட்டும் சொன்னேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததையே இன்னொரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

தப்பு செய்துவிட்டோம், வருத்தப்படுகிறோம் என்பதோடு இது முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். என்னை விடாமல் குடைவது வேறு. அதே வயிற்று இறுக்கமும் அதே காது சூடும் அதற்கு முன்னால் என்னை எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கின்றன. "பாப்பாவுக்குப் பட்சி சொல்லும்" என்பது எங்கள் கடையில் எல்லோரும் சொல்கிற பேச்சு. அந்தப் பேச்சில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. சரியாகச் சொன்னபோதும் தப்பாகச் சொன்னபோதும் அது ஒரே குரலில்தான் பேசியிருக்கிறது. அப்படியானால் அடுத்த முறை நான் எதை வைத்து அதை நம்புவது?

லிட்டர் எடை

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்கு இவ்வளவு போதும்: மேலே இடுக்கித் தோட்டங்களில் காய் பறித்து, டிரையரில் காயவைத்து விற்பனைக்கு வரும். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ நிற்கும். மேலே இடுக்கியில் புத்தடியிலும், கீழே போடியிலும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கும். ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு லாட் சரக்குக்கும் ஒரு சின்ன சாம்பிள் கைக்கு வரும், அதைப் பார்த்து விலை போடக் கிடைப்பது சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடியில் யோசிக்க முடியாது. கை சொல்ல வேண்டும், மூக்கு சொல்ல வேண்டும்.

அப்பா தவறிய பிறகு 2009ல் சித்தப்பாவோடு கடையில் உட்கார ஆரம்பித்தேன். முதல் நாளே அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கையில் கொடுத்தார். எங்கள் தொழிலில் லிட்டர் எடை என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் அளவில் காயை நிரப்பி எடை போடுவது. காய் முற்றி, விதை நிறைந்திருந்தால் எடை நிற்கும். பிஞ்சு கலந்திருந்தாலோ உள்ளே சுருங்கியிருந்தாலோ எடை விழும். அக்மார்க் முதல் தரத்துக்கு லிட்டருக்கு 435 கிராமாவது வேண்டும். சித்தப்பா சொன்னது இதுதான்: தராசில் வைப்பதற்கு முன்னால் கையில் அள்ளிப் பார்த்து எடையைச் சொல்லு, சொன்னதை எழுது, அப்புறம் வை. "தப்பாப் போனா ஒண்ணுமில்ல தாயி. எழுதாம விட்டாத்தான் தப்பு."

முதல் நாள் 380 என்று எழுதினேன், தராசு 422 காட்டியது. அவர் திட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. "சரி, அடுத்தது" என்றார். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது சாம்பிள், சீசன் முழுக்க. எப்போது என்று சொல்ல முடியவில்லை, ஆனால் மூன்றாவது வருஷம் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஐந்து கிராம் முன்னே பின்னேதான். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. காயை உள்ளங்கையில் உருட்டும்போது ஒரு கனம், காதோரம் குலுக்கினால் ஒரு சத்தம், அவ்வளவுதான் தெரியும்.

அந்தக் கை எனக்கு வந்துவிட்டது என்று நானே நம்பியது ஒரு சாயக் காய் லாட்டின்போது. தெரிந்த ஆள் வழியாக வந்த சரக்கு. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண்ணுக்குக் குளிர்ச்சி. கடையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் கையில் எடுத்ததும் வயிறு இறுகியது. வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள், எனக்குப் பதில் இல்லை. சித்தப்பா மட்டும், "அவ வேண்டாங்கறா, விடு" என்று முடித்துவிட்டார். அன்று இரவு படுத்தபிறகும் அந்தக் காய் கண்ணுக்குள் நின்றது. திரும்பத் திரும்ப மனசில் அதை உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது: காயின் வால். நல்ல காயில் பூ உதிர்ந்த நுனி காய்ந்து பழுப்பாக இருக்கும். இந்தக் காயில் வால்கூடப் பச்சை. காய்க்குக் காய் நிறத்தில் ஒரு துளி வித்தியாசமும் இல்லை. நான் அதைப் பார்த்திருக்கிறேன், பார்த்தது எனக்கே தெரியவில்லை, வயிற்றுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. காலையில் போய் மிச்சமிருந்த சாம்பிளை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தோம். துணி பச்சையானது.

அன்றிலிருந்து பட்சியை நான் நம்பினேன். எல்லாவற்றிலும் நம்பினேன். அங்கேதான் கோளாறு தொடங்கியிருக்க வேண்டும்.

விலையும் பூவும்

ஒன்றை மட்டும் சீக்கிரம் சொல்லிவிட்டுப் போகிறேன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் தொட்டது ஞாபகம் இருக்கும். முந்தின வருஷத்து வெள்ளம், அப்புறம் மழை இல்லாத கோடை, மேலே காயே இல்லை. அப்போது கையில் கொஞ்சம் சரக்கு இருந்தது. இன்னும் ஏறும் என்று உள்மனசு அடித்துச் சொன்னது. விற்காமல் வைத்திருந்தேன். புதுக் காய் வந்ததும் விலை சரிந்தது. எவ்வளவு போயிற்று என்று இங்கே எழுத விருப்பமில்லை. அதை ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடந்துவிட்டேன். கடந்திருக்கக் கூடாது, அப்போதே உட்கார்ந்து யோசித்திருந்தால் அந்தத் தம்பி விஷயத்தில் நிதானித்திருப்பேன்.

அம்மா எந்த முடிவாக இருந்தாலும் பூப்போட்டுப் பார்ப்பாள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் வைத்து, தெருவில் விளையாடுகிற ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள். என் தங்கை கல்யாணத்துக்கு முதல் தடவை சிவப்பு வந்தது. "பாப்பா கை கழுவாம எடுத்துருச்சு" என்று இன்னொரு தடவை வைத்தாள். மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை வெள்ளை வந்தபிறகுதான் விபூதி வைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மாவுக்கு அந்த வரன் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். சாமி வந்தது அதற்கு அப்புறம். பல்லி சொன்னது, பூனை போனது, வலது கண் துடித்தது, இதெல்லாம் வெளியே இருந்து வருகிற சொல். ஆனால் எந்தப் பல்லியை எடுத்துக்கொள்வது, எதைக் காதில் வாங்காமல் விடுவது என்பது உள்ளே இருக்கிற ஒன்று முடிவு செய்கிறது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. அந்த மாப்பிள்ளை நல்லவர். பட்சி சொன்னது என்று நாம் சொல்கிறபோது, நிஜமாகவே எதையாவது பார்த்துத்தான் அது சொன்னதா, இல்லை நாம் கேட்க நினைத்ததைத் திருப்பிச் சொன்னதா என்பது அந்த நிமிஷத்தில் தெரிவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மகள் கோயம்புத்தூரில் சைக்காலஜி படிக்கிறாள். இந்தத் தம்பி விஷயத்தை அவளிடம்தான் முதலில் சொன்னேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, லீவுக்கு வரும்போது தன் பாட நோட்டைக் கொண்டுவந்து ஒரு தீயணைப்பு வீரரின் கதையைச் சொன்னாள். அமெரிக்காவில் கேரி க்ளைன் என்ற ஆராய்ச்சியாளர் தீயணைப்பு அதிகாரிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டு எழுதியவர். அவரிடம் ஒரு அதிகாரி சொன்னது: ஒரு வீட்டில் சமையலறைத் தீ, ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்க மாட்டேன் என்கிறது. திடீரென்று மனசு சரியில்லை. எல்லோரும் வெளியே வாருங்கள் என்று கத்துகிறார். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை இடிந்து விழுகிறது. தீ கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பியிருந்தார். க்ளைன் உட்கார்ந்து கிளறிக் கேட்டபோது வந்தது: அந்த அளவு தீக்கு அந்த அறை ரொம்பச் சூடாக இருந்தது, சத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. இரண்டும் அவருக்குப் பழகிய தீ மாதிரி இல்லை.

"வால் பச்சையா இருந்துச்சே, அதேதாம்மா" என்றாள் மகள்.

அப்புறம் அவள் சொன்ன இன்னொரு ஆள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. டேனியல் கானமன். 2002ல் பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கியவர். 1950களில், இருபத்தி ஒன்று இரண்டு வயசில், இஸ்ரேல் ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்திருக்கிறார். எட்டுப் பேரை ஒரு மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டச் சொல்வார்கள். யார் முன்னால் வந்தான், யார் பின்வாங்கினான் என்று பார்த்து, இவன் தலைவனாக வருவான், இவன் தேற மாட்டான் என்று எழுதுவார்கள். எழுதும்போது துளி சந்தேகமும் இருக்காதாம். பிறகு பயிற்சிப் பள்ளியிலிருந்து தகவல் வரும், இவர்கள் கணித்ததற்கும் அங்கே நடந்ததற்கும் சம்பந்தமே இருக்காது. அது தெரிந்த பிறகும் அடுத்த குழுவைப் பார்க்கும்போது அதே உறுதி, அதே "எனக்குத் தெரியும்" வந்ததாம். இதைக் கேட்டதும் வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அந்த முதுகு எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்சி. ஒருவர் உள்ளுணர்வை மதித்தவர், இன்னொருவர் அது எப்படி ஏமாற்றும் என்று காட்டியவர். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசி, 2009ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம், என் மகள் சொன்னபடி, இரண்டே நிபந்தனை. ஒன்று, நாம் கணிக்கிற விஷயத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டு, நாம் சொன்னது சரியா தப்பா என்று தெரிந்து திருத்திக்கொள்கிற வாய்ப்பு நிறையக் கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது என்பதில் ஒன்றுமில்லை.

சமையலறையில் நமக்கெல்லாம் இது இருக்கிறது. கடுகு வெடிக்கிற சத்தத்தில் எண்ணெயின் சூடு தெரியும், கொதிக்கிற ரசத்தின் வாசத்தில் உப்பு குறைகிறது என்று தெரியும். தினம் செய்கிறோம், அரை மணியில் இலையில் பதில் வந்துவிடுகிறது. மாப்பிள்ளை பார்க்கப் போய் இருபது நிமிஷம் காப்பி குடித்துவிட்டு "மனசுக்குப் பட்டுருச்சு" என்கிறோமே, அங்கே நமக்கு எத்தனை தடவை பழக்கம்? பதில் வர எத்தனை வருஷம் ஆகும்? ஆனால் ரசத்து உப்பைவிட அந்த மனசுக்குப் பட்டதைத்தான் நாம் பெரிதாக நம்புகிறோம். வேலைக்கு ஆள் வைப்பதும் அப்படித்தான், நிறுத்துவதும் அப்படித்தான்.

அந்தத் தம்பி

அவன் எங்களிடம் ஏழு மாதம் வேலை பார்த்தான். இடுக்கியில் ராஜகுமாரி என்கிற ஊர்ப் பக்கம் வீடு. அம்மா நம் ஆள், தோட்ட வேலை. அப்பா மலையாளி, அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். வந்த புதிதில் என்னைச் சேச்சி என்று கூப்பிட்டான். யாரோ சிரித்திருக்க வேண்டும், அடுத்த நாளிலிருந்து "சே" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு "அக்கா" என்பான். மூட்டையைக் கீழே போடாமல் இறக்குவான். அதிகம் பேச மாட்டான். நான் கூப்பிட்டால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க மாட்டான், தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். அந்தத் தரைப் பார்வையை நான் என்னவாக எடுத்துக்கொண்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

இருபத்திரண்டாம் நாள் என்ன நடந்தது என்றால், சித்தப்பா மருமகன், என் தங்கச்சி வீட்டுக்காரர், கடைக்கு வந்து உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில், "குமுளிக் கடைக்காரன் அந்தப் பத்துக் கிலோவுக்குக் காசு போட்டுட்டான்" என்றார். எந்தப் பத்துக் கிலோ என்றேன். "அதான், கார்த்திகையில எடுத்துட்டுப் போனேனே, சாம்பிளுக்கு. சொல்லலையா நான்?" சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த மூட்டை வைத்திருந்த அறைக்குச் சாவி மூன்று பேரிடம் இருந்தது. எனக்கு, சித்தப்பாவுக்கு, அவருக்கு. தம்பியிடம் சாவியே கிடையாது. காணோம் என்றதும் என் பட்சி சாவி வைத்திருந்தவர்களைச் சுற்றிவிட்டு வாசலுக்கு வரவில்லை, நேராக வாசலுக்குத்தான் பறந்தது.

மெட்டுக்கு மேலே

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பாக்கிச் சம்பளத்தையும் கூட ஒரு மாதச் சம்பளத்தையும் கவரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சித்தப்பா, "ஆள் விட்டுக் குடுத்தனுப்பலாமே தாயி" என்றார். நானே போகிறேன் என்றேன். மலையடிவாரத்து முந்தலில் இருந்து எல்லையில் இருக்கிற போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து அடுத்த வளைவில் அழித்துக்கொண்டே போனேன். மெட்டில் பனி. செக்போஸ்டில் ஜீப் நின்றபோது பக்கத்து வண்டியில் இரண்டு பேர் மலையாளத்தில் ஏதோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா பேச்சுதான், யாரோ போன் எடுக்கவில்லை என்கிற மாதிரி. என் அடிவயிறு இறுகியது. காது சூடானது.

அந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. இந்த இறுக்கம் எனக்கு எப்போது முதல் தடவை வந்தது என்று.

2011 டிசம்பர். முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை மூடியபோது நான் கடைக்கு வந்து மூன்றாவது வருஷம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று எந்த வழியிலும் வண்டி ஓடவில்லை. மேலே தோட்டங்களில் இருந்த நம் ஜனங்கள் கைக்குழந்தைகளோடு இறங்கி வந்தார்கள். கீழே நம் ஊர்களில் மலையாளிகள் கடைகளுக்குக் கல் விழுந்தது. எங்கள் கடைத் திண்ணையில் ஒரு அம்மா இரண்டு நாள் படுத்திருந்தாள். ஒரு கால் செருப்பு இல்லை. மேலே அவள் வீட்டில் ராத்திரி கதவைத் தட்டி மலையாளத்தில் ஏதோ கத்தினார்கள், என்ன கத்தினார்கள் என்று புரிந்ததை அவள் கடைசிவரைக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் இரண்டு பேருக்கும் உடம்பு தூக்கிப்போட்டது. எனக்கு மலையாளிகளோடு சண்டை கிடையாது, எங்கள் வாடிக்கையில் பாதி அவர்கள்தான், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் எனக்கு அந்த எண்ணமே இல்லை என்று மனதாரச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த டிசம்பரின் நாலு ராத்திரியில் உடம்பு ஒன்றைப் படித்து வைத்துக்கொண்டது, தமிழில் மலையாளம் கலந்து பேசுகிற ஒரு இளவட்டப் பையன் பதினோரு வருஷம் கழித்து என் வாசலில் நின்றபோது அது அந்தப் பாடத்தை ஒப்பித்திருக்கிறது. சாயக் காய்க்கு இறுகிய அதே வயிறுதான். காயில் அது ஐம்பதாயிரம் சாம்பிளைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தராசிடம் பதில் வாங்கிக் கற்றது. இதில் ஒரு பயத்தை ஒரே தடவை விழுங்கியது, பிறகு யாரும் திருத்தவில்லை.

அவன் வீட்டில் இல்லை. அவன் அம்மாதான் இருந்தார். ஏலத் தோட்டத்து ஓரம் ஓட்டு வீடு, வாசலில் ஈர விறகு. என்னை யாரென்று சொன்னதும் பதறி எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைச் சேலை முந்தானையால் துடைத்துப் போட்டார். கட்டன்சாயா போட்டுக் கொடுத்தார். நான் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "அவன் எங்க கடையில இருந்து நின்னதப் பத்தி" என்று ஆரம்பித்தேன். அவர், "ஆமாம்மா, சொன்னான். சீசன் கொறஞ்சிருச்சு, ஆளக் கொறச்சுட்டாங்கன்னான். அக்கா நல்ல மாதிரி, வேற சீசன்ல கூப்புடுவாங்கன்னான்" என்றார்.

அவனுக்குத் தெரியும். எதற்காக அனுப்பினேன் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், சாவி விஷயம் உட்பட. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், கை மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டது. கடைசியில், "கவரைப் பிள்ளை கையில குடுங்கம்மா, நான் வாங்க மாட்டேன்" என்றார். சாயா குடித்த டம்ளரை நானே கழுவி வைக்கப் போனேன். விடவில்லை. இறங்கி வரும்போது வளைவுகளை எண்ணவில்லை.

நோட்டின் பின்பக்கம்

திரும்பி வந்து பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பதிமூன்று வருஷத்து நோட்டு, பக்கம் பக்கமாக என் கணிப்பு, பக்கத்தில் தராசு. மனுஷர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. வேலைக்கு வைத்தவர்கள், கடன் கொடுத்தவர்கள், நம்பியவர்கள், நம்பாமல் விட்டவர்கள் என்று எத்தனை பேர். சரியாகப் போனவை எனக்கு ஞாபகம் இருக்கின்றன, தப்பாகப் போனவை ஞாபகமே இல்லை. நம்பாமல் அனுப்பியவர்கள் நல்லவர்களா என்று தெரிந்துகொள்ள வழியே வைக்கவில்லை.

இப்போது நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு ஆள் வருகிறார், மனசில் ஒன்று தோன்றுகிறது என்றால் அதை அப்படியே தேதி போட்டு எழுதுகிறேன். கீழே, எதைப் பார்த்துத் தோன்றியது என்று ஒரு வரி. காயின் வால் மாதிரி ஏதாவது கிடைத்தால் எழுதுகிறேன், கிடைக்கவில்லை என்றால் அந்த வரி வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்ப்பதே எனக்கு ஒரு பிரேக். இன்னொரு சின்னக் குறிப்பு, அன்றைக்குச் சாப்பிட்டேனா, தூங்கினேனா. மூட்டை காணாமல் போன அன்று மத்தியானம் மூன்று மணிவரை நான் சாப்பிடவில்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது. வீட்டு ஆள் இதையே செய்திருந்தால் எனக்கு இப்படித் தோன்றுமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கேள்விதான் இருப்பதிலேயே கஷ்டமானது. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று பக்கத்தில் எழுத வேண்டும். காய்க்கு அரை நிமிஷத்தில் பதில் வரும், மனுஷருக்கு ஆறு மாதம். மெதுவாகத்தான் கற்க முடியும், வேறு வழியில்லை.

உள்ளுணர்வை ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கானமன் கதையில் ஒரு பின்பகுதி இருக்கிறது. படைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்தவர்களைப் பார்த்ததும் மொத்தமாக மதிப்பிடுவதை அவர் நிறுத்தச் சொன்னார். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் நடந்ததைப் பற்றி மட்டும் கேள்வி, தனித்தனி மதிப்பெண். நேர்காணல் செய்கிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை, எங்களை இயந்திரம் ஆக்குகிறீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறார்கள். சரி, ஆறையும் முடித்த பிறகு கண்ணை மூடி, இவன் எப்படிப்பட்ட வீரனாக வருவான் என்று நினைத்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றாராம். அந்தக் கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண், ஆறையும் கூட்டியதற்குச் சமமாகப் பலித்திருக்கிறது. பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்த பிறகு மூடிய கண். நான் பார்ப்பதற்கு முன்பே மூடிவிட்டேன்.

போன மாசியில் பூப்பாறையில் தார்ப்பாய் வாங்க ஒரு கடைக்குள் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். தாடி வைத்திருந்தான். கவர் என் கைப்பையில் அப்போதும் இருந்தது, எப்போதும் வைத்திருப்பேன். எடுத்து நீட்டினேன், நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொன்னேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் கவரைத் திறந்து, பாக்கிச் சம்பளத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை மேஜைமேல் என் பக்கமாகத் தள்ளினான். இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை. தார்ப்பாயை மடித்து, சணலால் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தான்.

"பில் வேணுமா, சேச்சி?" என்றான்.

வேணும் என்றேன்.